படிக்காமல் விட்ட பகுதி

பக்கவாதத்தில் செண்பகவல்லியின் கணவருக்குப் பேச்சு நின்று பல வருடங்கள் ஆகிவிட்டன. அவர் வாயால் ஒரே ஒரு தடவை ‘செம்பா’ என்று கூப்பிடக் கேட்டுவிட வேண்டும். அந்த ஏக்கம்தான் ஐம்பது வயதில் அவளை மொழியியல் துறையில் ஆய்வு மாணவியாகச் சேர்த்தது. வழிகாட்டி ரெஜினா அவளைவிட இளையவர். அதனால் என்ன, குரு குருதான்.

ஒருநாள் செண்பகவல்லி ஓட்டமும் நடையுமாக வந்தாள். கையில் ஓர் ஆய்வுக் கட்டுரை.

“மேடம், கிடைச்சிட்டு! பாட வச்சுப் பாட வச்சே பேச்சைக் கொண்டுவந்திருக்காக. எங்க வீட்டுக்காரரும் பேசிருவாக!”

“எந்தப் பகுதியில போட்டிருக்கு?”

“சுருக்கத்துல. முடிவுரையிலயும் இருக்கு.”

“நடுவுல?”

செண்பகவல்லி அசடு வழிந்தாள். கல்யாண வீட்டு வாசலில் சந்தனம் பூசிக்கொண்டு நேரே பந்திக்குப் போகிறவர்களைப்போல, முதலையும் கடைசியையும் மட்டும் படித்திருந்தாள். பாவம், அவ்வளவு ஆசை.

“ஆய்வு முறையை வாசிங்கக்கா. யாரை வச்சுச் செஞ்சாங்க?”

“பக்கவாதம் வந்து ஆறு மாதத்துக்கு உட்பட்டவர்கள்...” வாசிக்கும்போதே குரல் உள்ளே போய்விட்டது. “அப்ப இவுகளுக்கு ஆகாதா?”

“அப்படிப் போட்டிருக்கா?”

முடிவுகளைத் துழாவினாள். அட்டவணைகளைப் பார்த்தாள். விவாதத்தை வரி வரியாகப் படித்தாள். ஆகும் என்றும் இல்லை, ஆகாது என்றும் இல்லை.

“இதுல எங்கயுமே அவுக இல்லையே மேடம்.”

ரெஜினா தாளைத் திருப்பி, ‘வரம்புகள்’ என்ற சின்னப் பத்தியைக் காட்டினார். எல்லோரும் தாண்டிப் போகிற பத்தி.

“நோய் வந்து பல ஆண்டுகள் ஆனவர்களை நாங்கள் ஆராயவில்லை.” செண்பகவல்லி வாசித்தாள். மறுபடியும் வாசித்தாள். ஊர் பேர் தெரியாத யாரோ தன் வீட்டுக்காரரை நினைத்தே எழுதி வைத்ததுபோல் இருந்தது. அந்த வரியை விரலால் தடவினாள்.

“அவுக பேசுவாகளா, மாட்டாகளா? அத மட்டும் சொல்லுங்க மேடம்.”

“எனக்குத் தெரியாதுக்கா. எழுதுனவங்களுக்கும் தெரியாது. அதைத்தான் ஒளிக்காம இங்க சொல்லியிருக்காங்க.”

செண்பகவல்லி அழுதாள். அழுது முடித்ததும் ரெஜினா ஒரு வெள்ளைத்தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.

“அவங்க நிறுத்தின இடம் இது. உங்க கட்டுரையோட முன்னுரை இங்கதான் ஆரம்பிக்குது. எழுதுங்க.”