பள்ளத்தைத் தாண்ட ஓர் அடி

மலைமேல் ஒரு கோல்ஃப் மைதானம். ஏழாவது குழிக்கு அடிக்க நின்றால் நடுவில் ஒரு பள்ளம் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். ஏகாம்பரத்தின் பந்துகளில் பாதி அதன் வயிற்றுக்குள்தான்.

ஏகாம்பரம் ஒரு காலத்தில் இரும்புக் குண்டு எறிந்து கோப்பைகள் வாங்கியவர். முழங்கால் விட்டுப்போன பிறகு கோல்ஃபுக்கு வந்தார். ஆள் கருங்கல் தூண் மாதிரி. அடித்த பந்து மட்டும் பாதி வழியிலேயே மூச்சு வாங்கி விழும்.

“உங்க பந்துக்கெல்லாம் பள்ளத்துலயே ரேஷன் கார்டு எடுத்துடலாம் போலிருக்கே!” என்பார் அணித்தலைவர் நஞ்சுண்டன். ஒருநாள் சிரிக்காமலும் சொன்னார்.

“ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாலயும் ஒரே ஒரு அடி. தாண்டலேன்னா அணியில வேற ஆளைப் போட்டுருவேன். மனசுல வச்சுக்காதீங்க.”

இதுவும் போனால் இனி விளையாட்டு என்பதே டி.வி.யில் பார்ப்பதுதான். ஏகாம்பரம் விடுவதாக இல்லை. நேரே பயிற்சியாளர் ரெஜினாவிடம் போனார். வயதில் அவரைவிடச் சின்னவள். அவர் தோளுக்குக்கூட வரமாட்டாள். அவள் அடித்த பந்து பள்ளத்தை ஏறெடுத்தும் பார்த்ததில்லை.

“மேடம், பலத்தைக் கூட்டணும். எங்கே கூட்டறது? தோள்லயா, கையிலயா?”

“அடிங்க, பார்க்கலாம்.”

பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தார். பள்ளம் வாங்கிக்கொண்டது.

ரெஜினா அவருடைய நீள மட்டையை வாங்கித் தலைகீழாகத் திருப்பினாள். கனத்த தலைப்பக்கத்தை அவர் கையில் பிடிக்கக் கொடுத்தாள். மிச்சமிருந்த பந்தை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

“இப்ப வீசுங்க.”

விஷ்ஷ்!

“வேகம் இருக்கற இடத்துலதான் சத்தம் வரும். எங்கே வந்துச்சுண்ணே?”

“இங்கதான்... வலது காதுகிட்ட.”

“பந்து எங்கே இருக்கும்?”

ஏகாம்பரம் குனிந்து காலடிப் புல்லைப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவள் போய்விட்டிருந்தாள்.

மொட்டை மாடியில் வீச ஆரம்பித்தார். வேகமாக இழுத்தால் சத்தம் காதருகே வெடித்தது. பிடியை இறுக்கினால் சத்தமே செத்தது. துணி காயப்போட வந்த மனைவி, “கொசு அடிக்கத்தான் வீட்டுல பேட் இருக்கே!” என்றாள். அவர் நிறுத்தவில்லை.

ஒரு சாயங்காலம் தோள் ஓய்ந்துபோயிற்று. கை தானாகத் துவண்டது. இடுப்பு முதலில் திரும்ப, கை அதன் பின்னால் சாவகாசமாக வந்தது. விஷ்ஷ்! சத்தம் முழங்காலுக்குக் கீழே கேட்டது.

ஏகாம்பரம் அசையாமல் நின்றார். பிறகு மறுபடியும் வீசினார். இருட்டும்வரை வீசினார்.

ஞாயிற்றுக்கிழமை. ரெஜினா பையிலிருந்து அந்தப் பந்தை எடுத்துக் கொடுத்தாள்.

“நல்லா பலமா போடுங்க, குண்டு எறிஞ்ச கைதானே!” என்றார் நஞ்சுண்டன்.

அவ்வளவுதான். தாடை இறுகியது, பிடியும் இறுகியது. ஏகாம்பரம் ஓர் அடி பின்னால் வந்தார். எல்லாரும் பார்க்க, மட்டையைத் தலைகீழாகப் பிடித்து ஒரு தடவை வீசினார். விஷ்ஷ்! சத்தம் காலடியில் கேட்டது.

“பிடிக்கவே மறந்துட்டாரு!” என்று யாரோ சிரித்தார்கள்.

அவருக்கு அந்தச் சிரிப்பு எட்டவில்லை. மட்டையை நேராக்கினார். அடித்தார்.

நஞ்சுண்டன் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு பள்ளத்தின் விளிம்புவரை ஓடினார். “யோவ்! அந்தப் பக்கம் புல்லுல உருளுதுய்யா!”

ஏகாம்பரம் திரும்பினார். ரெஜினா பள்ளத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“மேடம்... தாண்டினதைப் பார்க்கவே இல்லையா?”

“எதுக்குண்ணே? அதான் கேட்டுச்சே.”