துரை கழற்றிய தொப்பி

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கு வேலை குறைந்து ஆசை கூடியிருந்த நாளில், ஒரு தேசத்து ராஜாவுக்கு இங்கிலீஷ் பைத்தியம் பிடித்தது. வெள்ளைக்காரத் துரை ஒருவர் விருந்தாளியாக வந்து தங்கியதால் வந்த வினை.

பாடம் சொன்னவன், துரையின் பேச்சை ராஜாவுக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி திருவேங்கடம். சபையில் விகடம் பண்ணும் குப்பாண்டியைக் கண்டால் அவனுக்கு ஆகாது. ஆனாலும் பார்த்தால் சிரிப்பான். படித்தவன் காரணமில்லாமல் சிரித்தால் நம்பக் கூடாது.

"பிரபு, இங்கிலீஷில் வினைச்சொல் தனியே நடக்காது" என்றான் துபாஷி. "'வான்ட்' என்றால் அடுத்த வினைக்கு முன் 'டு' வர வேண்டும். 'லெட்' என்றால் ஆளைச் சொல்லிவிட்டு, 'டு' இல்லாமலே வினைக்குப் போக வேண்டும். 'வெயிட்' என்றால், யாருக்காகவோ அவருக்கு முன் 'ஃபார்' நிற்க வேண்டும். சபையே காரணத்தோடு கற்கட்டும்."

உத்தரவையும் அவனே எழுதினான். பத்தாம் நாள் கேட்கும்போது காரணம் சொல்லத் தவறுகிறவர், சபையில் எவரானாலும், தலையில் இருப்பதைக் கழற்றி வைத்துவிட்டு வெளியேற வேண்டும், திரும்பக் கூடாது. குறி குப்பாண்டி ஒருவன்தான். பொதுவாக இருந்தால் ராஜா யோசிக்காமல் முத்திரை வைப்பார் என்று 'எவரானாலும்' சேர்த்தான். ராஜாவும் வைத்தார்.

குப்பாண்டிக்கு வயது அறுபத்திரண்டு. அவனும் மனைவியும் சாப்பிடுவது அரண்மனைச் சோறு. போ என்றால் போக இடமில்லை. பத்து நாளும் முணுமுணுத்துப் பார்த்தான். வர வேண்டிய இடத்தில் 'டு' ஓடிப்போனது. வரக் கூடாத இடத்தில் வந்து உட்கார்ந்தது. அலுத்துப் போனான்.

பத்தாம் நாள் சபை கூடியது.

"குப்பாண்டியாரே, 'வான்ட்'டோடு வருகிற 'டு', 'லெட்'டோடு ஏன் வருவதில்லை?" என்றான் துபாஷி.

"சொல்றேன்யா, அவசரப்படாதீங்க. இங்க வெத்தலைத் தட்டு வந்தாலும் மொதல்ல விருந்தாளிக்குத்தானே நீட்டுறோம்? அடுத்து மகாராஜா. அப்புறம்தான் என்னை மாதிரி ஆளு. கேள்விக்கு மட்டும் வரிசை மாறுமா?"

"வழக்கம் வழக்கம்தான்" என்றார் ராஜா.

துபாஷியின் முகம் சுருங்கியது. வேறு வழியின்றித் துரையிடம் கேட்டான். துரை மோவாயைத் தடவினார், மேலே பார்த்தார்.

"ஏன் என்று தெரியாது" என்றார் அரைகுறைத் தமிழில். "என் அம்மா அப்படிப் பேசினாள். நானும் பேசுகிறேன்."

"ஐயோ பாவம். தொப்பியைக் கழட்டி வச்சிட்டுப் பொறப்படுங்க துரை. முத்திரை வச்ச உத்தரவு" என்றான் குப்பாண்டி.

துரை திகைத்தபடியே தொப்பியைக் கழற்றினார். குப்பாண்டி மெல்லச் சிங்காசனத்தின் பக்கம் திரும்பினான்.

"மகாராஜா, அடுத்தது தாங்கள். 'லெட்'டோட 'டு' ஏன் வரல்லீங்க?"

ராஜா துபாஷியைப் பார்த்தார்; அவன் தரையைப் பார்த்தான். ராஜாவின் கை தானாக எழுந்து கிரீடத்தை இறுகப் பிடித்துக்கொண்டது. பிடித்ததை அவரே உணர்ந்து, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"போதுமப்பா! துரையவர்களே, தொப்பியைப் போட்டுக்கொள்ளும். துபாஷி, அந்த ஓலையைக் கிழித்துப் போடு. உன் கையாலேயே!"

தம் தோளிலிருந்த பட்டுச் சால்வையை எடுத்துக் குப்பாண்டிக்குப் போர்த்தினார். "இன்று என்னை வயிறு வலிக்கச் சிரிக்க வைத்தாய்!"

"முப்பது வருஷமா கெஞ்சிக் கூத்தாடிச் சிரிக்க வச்சேன் மகாராஜா" என்றான் குப்பாண்டி. "பயமுறுத்தினா இவ்வளவு சீக்கிரம் சிரிப்பீங்கன்னு தெரியாமப் போச்சு. உத்தரவு குடுங்க, வீட்டுல சோத்தை வச்சுக்கிட்டு ஒருத்தி உக்காந்திருப்பா."