காணாமல் போன எட்டு டிஸ்க்

சிதம்பரதாணுவுக்கு வயது ஐம்பத்தேழு. அவருடைய குரு ஜெபக்கனிக்கு முப்பத்தாறு. தபால் ஆபீஸ் உத்தியோகத்தில் விருப்ப ஓய்வு வாங்கிய கையோடு, பார்வையற்றோருக்கான ஒலி நூலகத்தில் கம்ப்யூட்டர்களைக் கவனித்துவந்த ஜெபக்கனியிடம் போய், "எனக்கும் சொல்லிக் கொடுங்க டீச்சர்" என்று நின்றவர் அவர். மூன்று வருஷமாக டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார். டீச்சர் அவரை அண்ணாச்சி என்பார்.

அந்த நூலகத்தில் தாளில் அச்சடித்த புத்தகம் ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் குரல். கல்லூரிப் பாடங்களை இருநூறு பேர் ஒன்பது வருஷமாக வாசித்துப் பதிந்த ஆயிரத்து நூற்று நாற்பது புத்தகங்கள், ஒரே சர்வருக்குள் எட்டு ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. ஒவ்வொரு புத்தகமும் துண்டு துண்டாக எட்டிலும் பரவிக் கிடந்தது. வேறு பிரதி இல்லை.

அந்த சர்வரின் பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தை எடுத்துவிட்டு லினக்ஸ் போட வேண்டியிருந்தது. பிரதி எடுக்கும் பெட்டி புதன்கிழமை வந்துவிடும், அதுவரை கை வைக்காதீர்கள் என்று டீச்சர் சொல்லியிருந்தார். அண்ணாச்சிக்குக் கை துறுதுறுத்தது. சனிக்கிழமை காலையிலேயே வைத்துவிட்டார்.

வைத்தாலும் முன்ஜாக்கிரதையோடுதான் வைத்தார். புதிதாக வரும் லினக்ஸ் தவறிப்போய்க் குரல்களின் மேல் ஏறி உட்கார்ந்துவிடக் கூடாதே என்று எட்டு டிஸ்க்கையும் கழற்றி, மேஜையில் துண்டு விரித்து அடுக்கினார். சர்வரில் தனியாக இருந்த ஒரு சின்ன டிஸ்க்கில் லினக்ஸ் சமர்த்தாக ஏறியது. சர்வரை அணைத்து, எட்டையும் திரும்பச் செருகி, மறுபடி போட்டார்.

எட்டில் ஒன்றுகூடத் தெரியவில்லை.

லினக்ஸ் குடியிருந்த சின்ன டிஸ்க் மட்டும் பட்டியலில் தனியாக நின்றது. கேபிளை ஆட்டிப் பார்த்தார். அணைத்துப் போட்டார். லினக்ஸை வாயில் வந்தபடி வைதார். வைத வாயோடு அதையே இன்னொரு தடவை ஏற்றியும் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

வெளி அறையில் பேச்சியம்மாள் காத்திருந்தாள். பிறவியிலேயே பார்வையில்லாத பெண். திங்கட்கிழமை அவளுக்கு பி.ஏ. வரலாற்றுப் பரீட்சை. பாடத்தில் கடைசி மூன்று அத்தியாயங்களை அவள் இன்னும் கேட்கவில்லை.

"அண்ணாச்சி, ரெடியாயிட்டா?"

"இந்தா ஆயிட்டும்மா" என்றார். குரல் பிசிறியது.

கடைசியில் ஒரு வழி தென்பட்டது. சர்வர் எழுந்திருக்கும்போது, டிஸ்க்குகளைச் சேர்த்து ஆளுகிற கார்டு தனக்கென்று ஒரு திரையைக் காட்டியது. அதில் எட்டும் இருந்தன! ஆனால் ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'வெளியிலிருந்து வந்தது' என்று போட்டிருந்தது. கீழே மூன்று வழிகள்: பார்க்க, ஏற்றுக்கொள்ள, துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்க.

இன்டர்நெட்டில் தேடினார். இதே தொல்லையில் மாட்டிய யாரோ ஒருவர், துடைத்ததும் எல்லா டிஸ்க்கும் தெரிந்துவிட்டதாக எழுதி நன்றியும் சொல்லியிருந்தார். அண்ணாச்சி மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார். 'நிச்சயமாகவா?' என்று கேட்டது கார்டு. விரலைக் கொண்டுபோனார்.

"கைய எடுங்க அண்ணாச்சி."

வாசலில் டீச்சர் நின்றார். கையில் ஹெல்மெட், மூச்சு வாங்கியது.

"உங்களுக்கு யாரு சொன்னா?"

"உங்க குரல் சரியில்லன்னு பேச்சி போன் பண்ணினா."

அண்ணாச்சி கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "லினக்ஸ் கண்டுக்கிடவே மாட்டேங்கு டீச்சர். எட்டும் எங்க போச்சுன்னே தெரியல."

"டிஸ்க்கக் கழட்டினீங்களா?"

"பத்திரமாத்தான் கழட்டினேன்."

"கழட்டி வெச்சிட்டு மிஷினப் போட்டீங்க."

"ஆமா."

"கார்டு அந்நேரம் என்னத்தப் பாத்திருக்கும்?"

அண்ணாச்சி யோசித்தார். "எட்டு எடமும் காலி."

"பெறவு திடீர்னு எட்டு பேரு உள்ள வந்தா?"

"யாரோ எவரோன்னு நெனச்சிருக்கும்."

"லினக்ஸ் பாவம். கார்டு உள்ள விட்டாத்தான அது பாக்க முடியும்?"

அண்ணாச்சியின் முகம் சுருங்கியது. மறைத்து வைத்திருந்த இன்னொன்றையும் சொல்லித் தீர வேண்டியிருந்தது.

"செருகும்போது வரிசையும் மாறிட்டு டீச்சர். எது மொத, எது ரெண்டுன்னு குறிச்சு வைக்கல. எட்டுலயும் துண்டு துண்டால்லா கெடக்கு? இனி யாரால கூட்டிச் சேக்க முடியும்? இருநூறு பேரு வாசிச்சத நான் ஒருத்தன் கெடுத்திட்டேன்." அழுகை வந்துவிட்டது.

டீச்சர் துடைக்கும் திரையை விட்டு வெளியே வந்து, முதல் வழியைக் காட்டினார்.

"இதுக்குள்ள போங்க. ஒவ்வொண்ணா வாசிங்க."

முதல் டிஸ்க் திறந்தது. அண்ணாச்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். ஒன்பது வருஷத்துக்கு முந்திய ஒரு தேதி. மொத்தம் எட்டு. என் இடம் ஐந்து. அதற்குக் கீழே வரிசையாக ஏழு எண்கள்.

"இது மொத எடத்துலல்லா இருக்கு? அஞ்சுன்னு போட்டிருக்கே."

"அடுத்தது."

"அதே தேதி. இது எடம் ரெண்டுங்கு. இதுலயும் ஏழு நம்பர்." நிமிர்ந்தார். "மத்த ஏழு பேரோட நம்பரா டீச்சர்?"

"அடுத்தது."

ஐந்தாவதை வாசிக்கும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. எட்டாவதை உதடு மட்டும் அசைய வாசித்தார்.

"இத யாரு எழுதி வெச்சா?"

"எட்டையும் ஒண்ணாச் சேத்த அன்னைக்கே ஒவ்வொண்ணுலயும் பதிஞ்சிட்டு."

"நான் துண்டுல போட்டு வெச்சிருந்தேனே, அப்பவும் இருந்துதா?"

"அப்பவும்."

அண்ணாச்சி முப்பத்திரண்டு வருஷம் விலாசம் பார்த்துத் தபால் பிரித்த மனுஷர். காலையில் கரண்ட் இல்லாமல், ஒன்றோடொன்று ஒட்டில்லாமல் அந்த மேஜையில் கிடந்தபோதும், ஒவ்வொன்றும் மற்ற ஏழின் விலாசத்தையும் வைத்துக்கொண்டுதான் கிடந்திருக்கிறது. அவரால் உட்கார முடியவில்லை. எழுந்து நின்றார். தன்னை அறியாமல் கும்பிட்டிருந்தார்.

"ஏத்துக்கிடச் சொல்லட்டுமா டீச்சர்?"

"சொல்லுங்க."

இரண்டாவது வழியை அமுக்கினார். சர்வர் ஒருமுறை அணைந்து எழுந்தது. குரல்கள் எல்லாம் இருந்தன. வெளி அறைக் கம்ப்யூட்டரில் யாரோ ஒரு அம்மாள் நிதானமாகப் பதினேழாம் அத்தியாயத்தை வாசிக்கத் தொடங்கினார். பேச்சியம்மாள் ஹெட்போனைத் தேடி எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டாள்.

அண்ணாச்சி மேஜையில் விரித்திருந்த துண்டை மடித்து வைத்தார். பிறகு கேட்டார்.

"நீங்க வர ஒரு நிமிஷம் பிந்தி, நான் துடைச்சிருந்தா?"

"எட்டும் தெரிஞ்சிருக்கும் அண்ணாச்சி."

"தெரிஞ்சிருக்குமா?"

"லினக்ஸ்ல காலியா, பளிச்சுன்னு தெரிஞ்சிருக்கும். டிஸ்க் எல்லாம் கெடச்சிட்டு டீச்சர்னு, நீங்க எனக்கு சந்தோஷமா போன் போட்டிருப்பீங்க."