பொந்தில் பொரித்த குஞ்சுகள்

ஏரிக்கரையில் ஓர் இலுப்பை மரம். மேலே கிளைக்குக் கிளை காகங்களின் கூடுகள். கீழே அடிமரத்தில் ஒரு பொந்து. அந்தப் பொந்தில் பொன்னலகி என்ற மைனா குடியிருந்தாள்.

அவள் அந்த மரத்துக்காரி அல்ல. அக்கரையில் இருந்த பனந்தோப்பை வெட்டிச் சாய்த்தபோது பிழைக்க வந்தவள். வந்த அன்று காகங்களின் தலைவர் கரியப்பர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "முதல்ல இருந்து பாரும்மா. பேச்செல்லாம் அப்புறம்" என்றார். எத்தனையோ மழைக்காலம் போய்விட்டது. அந்த அப்புறம் மட்டும் வரவே இல்லை.

இருக்க இடம் சும்மா கிடைக்குமா? காவல் வேலை அவள் தலையில் விழுந்தது. அடிமரத்தில் எது ஏறினாலும் முதலில் அவள் கண்ணில்தான் படும். சாரைப்பாம்பு தலை தூக்கினால் போதும், மரமே அதிரக் கத்துவாள். காகங்கள் கூடிவந்து கொத்தி விரட்டும். அப்புறம் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடும். நல்லா கத்தினாய் என்று ஒரு வார்த்தை? மூச்!

அந்த மரத்தில் ஒரு வழக்கம் உண்டு. எதையாவது முடிவு செய்ய வேண்டுமென்றால் பொழுது சாயும் வேளையில் எல்லோரும் கூடுவார்கள். சம்மதம் என்பவர்கள் ஏரிப்பக்கக் கிளையில் உட்கார வேண்டும். சம்மதம் இல்லாதவர்கள் வயல்பக்கக் கிளையில். எந்தக் கிளை அதிகம் தாழ்கிறதோ, அதுதான் தீர்ப்பு. உட்காருபவர் இந்த மரத்துக் கூட்டில் பொரித்தவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே பொன்னலகிக்குக் கிளை இல்லை. ஆனால் வசந்தனுக்கு இருந்தது.

வசந்தன் ஒரு குயில். அவன் அம்மா காக்கைக் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போனதும், காகங்கள் ஏமாந்து அடைகாத்ததும் ஊரறிந்த கதை. அவன் வாயைத் திறந்து பாடியபோதுதான் குட்டு உடைந்தது. இருந்தாலும் கூட்டில் பொரித்தவன் பொரித்தவன்தான் என்று காகங்கள் விட்டுவிட்டன. வெயில் காலத்தில் வருவான், பழம் தின்பான், பாடுவான், போய்விடுவான். மற்ற நாளெல்லாம் எங்கே இருக்கிறான் என்று யாருக்கும் தெரியாது.

அந்தக் கோடையில் பொன்னலகி குஞ்சு பொரித்திருந்தாள். புருஷனைப் பருந்து தூக்கிப்போன பிறகு இரை தேடுவதும் காவல் காப்பதும் அவள் ஒருத்திதான். பசித்தால் குஞ்சுகள் கத்தின. பசி அடங்கிய பின்பும் கொஞ்சம் கத்தின. குஞ்சுகள் என்றால் அப்படித்தான்.

இது வசந்தனுக்குப் பிடிக்கவில்லை. தன் பாட்டுக்கு நடுவே கீச் கீச் என்று இரைச்சல் என்று கரியப்பரிடம் புகார் சொன்னான். அன்று மாலையே கூட்டம் கூடியது. உச்சிவேளையில் காகங்கள் உறங்கும்போது வேறு யாரும் இந்த மரத்தில் சத்தம் போடக்கூடாது. போட்டால் பொந்தைக் காலி செய்ய வேண்டும் என்று பேச்சு வந்தது. வசந்தன் பாடலாமா என்று ஒரு காகம் கேட்டது. அவன் கூட்டில் பொரித்தவன், காகக் கணக்கில் வருகிறான் என்றார் கரியப்பர்.

பொன்னலகி கீழேயிருந்து எட்டிப் பார்த்தாள். பயமாக இருந்தது, ஆனாலும் கேட்டாள்.

"ஐயா, என் குஞ்சுங்களும் இதே மரத்துலதானே பொரிச்சது? அதுங்களுக்காக நான் அந்தக் கிளையில ஒரு ஓரமா உட்காரட்டுமா?"

"பொந்துல பொரிச்சது சேராதும்மா" என்றார் கரியப்பர், பொறுமையாகத்தான். "கூட்டுல பொரிக்கணும்."

ஏரிப்பக்கக் கிளை தாழ்ந்தது. சட்டம் ஆயிற்று.

மறுநாளிலிருந்து உச்சிவேளை வந்தாலே பொன்னலகி சேர்த்துவைத்த இரையோடு பொந்துக்குள் உட்கார்ந்துவிடுவாள். குஞ்சுகளின் வாயில் எதையாவது திணித்துக்கொண்டே இருப்பாள். அலுத்துப்போய்க் கண் சொருகும், தூங்கவும் முடியாது.

அப்படி ஒரு மதியம். உச்சியில் வசந்தன் பாடிக்கொண்டிருந்தான். சருகு சரசரத்தது. சாரைப்பாம்பு பொந்தைத் தாண்டி மேலே ஏறியது. பொந்துக் குஞ்சுகளுக்கு அது குறி வைக்கவில்லை. கரியப்பரின் கூட்டைப் பார்த்துத்தான் போனது. பொன்னலகி வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பொந்து மிஞ்சியிருக்கும். ஆனால் மேலேயும் குஞ்சுகள்தானே இருக்கின்றன! கத்திவிட்டாள்.

காகங்கள் விழித்தன, பாம்பு ஓடியது, கரியப்பரின் குஞ்சுகள் பிழைத்தன.

அன்று மாலை கூட்டம். கரியப்பர் அவளை வாயாரப் புகழ்ந்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"இருந்தாலும் சட்டம்னு ஒண்ணு இருக்கில்ல? பொந்தைக் காலி பண்ணணும்ங்கிறவங்க ஏரிப்பக்கம் போங்க."

கரியப்பரின் மனைவி மையாள் விருட்டென்று வயல்பக்கக் கிளையில் போய் உட்கார்ந்தாள். அவளோடு சில தாய்க்காகங்களும் சேர்ந்தன. இரண்டு கிளைகளும் ஏறக்குறைய சமமாக நின்றன. அப்போது வசந்தன் சாவகாசமாகப் பறந்து வந்து ஏரிப்பக்கக் கிளையில் அமர்ந்தான். கிளை தாழ்ந்தது.

பொன்னலகி அழவில்லை. அழுவதற்கும் தெம்பு வேண்டுமே. விடிந்ததும் இறகு முளைத்தும் முளைக்காத குஞ்சுகளைப் புதர் புதராகத் தத்த வைத்துக் கூட்டிப்போனாள்.

சில நாள் கழித்துப் பாம்பு மறுபடி ஏறியது. உச்சியில் பாட்டு நடந்துகொண்டிருந்தது. காகங்கள் விழித்தபோது கரியப்பரின் கூடு காலி. ஏன் கத்தவில்லை என்று எல்லாக் காகங்களும் பொந்தைப் பார்த்துத் திட்டின. பொந்திலும் யாரும் இல்லை. வெயில் தணிந்ததும் வசந்தனும் கிளம்பிவிட்டான்.

சேதி பொன்னலகியின் காதுக்கும் வந்தது. அவளுக்குச் சந்தோஷமாக இல்லை. மையாளை நினைத்து நெஞ்சு வலித்தது.

அப்போது அவள் ஒரு புளியமரத்தின் அடியில் நின்றுகொண்டிருந்தாள். மரம் முழுக்க அணில்கள். பொந்து காலியாகத்தான் இருக்கிறது, தாராளமாக வரலாம் என்றது கிழட்டு அணில். பாம்பு வந்தால் மட்டும் குரல் கொடுக்க வேண்டுமாம்.

"குடுக்கிறேன்" என்றாள் பொன்னலகி. "இந்த மரத்துல ஒரு முடிவு எடுத்தா என்னையும் கேப்பீங்களா?"

அணில் வாலை ஆட்டியது. "முதல்ல இருந்து பாரும்மா. பேச்செல்லாம் அப்புறம்."

குஞ்சுகள் பசியில் கத்தத் தொடங்கின. பொன்னலகி ஒரு பெருமூச்சு விட்டாள். குனிந்து பொந்துக்குள் நுழைந்தாள்.

காவலுக்கு மட்டும் ஒருவரின் குரலைக் கேட்டுவிட்டு முடிவெடுக்கும்போது அதே குரலை ஒதுக்குகிறவர்கள், ஆபத்து நாளில் எச்சரிக்க ஆளில்லாமல் நிற்பார்கள்.