வெள்ளைச்சியின் முறை

"ஒரு வரியை அழிக்க முடியுமா, டீச்சர்?"

கேட்டவர் மருதப்பன். விருதுநகரில் பருப்பு மண்டியில் எடை போடுகிறவர். வயது ஐம்பதைத் தொட்டுவிட்டது. காலை பஸ்ஸைப் பிடித்துப் பாளையங்கோட்டைக்கு வந்திருந்தார்.

அவர் டீச்சர் என்று அழைத்த செல்லக்கனிக்கு இருபத்தேழு வயது. ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் எடுத்ததில்லை. 'கல்மேட்டுத் துறை' என்று ஒரு விளையாட்டை நடத்துகிறாள், அவ்வளவுதான். புதிதாகச் சேருகிறவர்களுக்கு வழி சொல்லிச் சொல்லியே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

கணினியில் ஆடும் விளையாட்டு. படம் கிடையாது, சத்தம் கிடையாது. எல்லாம் எழுத்து. ஆளுக்கொரு பாத்திரம். என் ஆள் என்ன சொன்னான், என்ன செய்தான் என்று நான் எழுதுவேன். பதிலுக்கு உங்கள் ஆள் என்ன செய்தான் என்று நீங்கள் எழுத வேண்டும். முகம் தெரியாத நாற்பது பேர் இப்படி எழுதி எழுதியே ஒரு துறைமுகத்தை உண்டாக்கி வைத்திருக்கிறார்கள்.

"எந்த வரி அண்ணே?"

"'வெள்ளைச்சி மாசானை மன்னித்தாள்.' அந்த வரி."

மாசான் மருதப்பனின் ஆள், படகுக்காரன். வெள்ளைச்சி உப்பு விற்கிறவள். அவளை எழுதுவது யார், எந்த ஊர் என்று ஒருவருக்கும் தெரியாது. கதையில், அவளுடைய தம்பியைப் புயலில் விட்டுவிட்டு மாசான் மட்டும் கரை சேர்ந்தான். பிறகு அவள் வாசலில் போய் நின்று மன்னிப்புக் கேட்டான்.

"நல்ல வரிதானே. பன்னெண்டு பேரு பாராட்டியிருக்காவ."

"அத எழுதுனது நான், டீச்சர்."

செல்லக்கனி ஜெராக்ஸ் மெஷினை நிறுத்தினாள்.

"அவ முறைதான். மூணு நாள் பாத்தேன், பதிலே வரல. மத்தவங்க எல்லாம் அடுத்து என்ன, அடுத்து என்னன்னு நச்சரிச்சாங்க. அவ எப்படியும் மன்னிக்கத்தானே போறான்னு நானே எழுதிட்டேன்."

"பெறகு?"

"அன்னிக்கு சாயங்காலம் வந்தா. படிச்சா. எனக்குத் தனியா ஒரே ஒரு வரி அனுப்புனா."

"என்னன்னு?"

"'நான் இன்னும் யோசிச்சுட்டுதான் இருந்தேன்'னு."

அதற்குப் பிறகு வெள்ளைச்சி அந்தப் பக்கமே வரவில்லை.

புதிதாக வருகிறவர்களிடம் செல்லக்கனி முதல் நாளே சொல்வது ஒன்றுதான். அடுத்தவர் ஆளை நீங்கள் எழுதாதீர்கள். மருதப்பனிடமும் சொல்லியிருந்தாள். அவரும் தலையாட்டியிருந்தார். தலையாட்டுவதற்கு என்ன, எல்லோரும்தான் ஆட்டுகிறோம்.

"ரெண்டு வருசம், டீச்சர். தெனமும் ரெண்டு வரி எழுதுவா. கூடவும் மாட்டா, கொறையவும் மாட்டா. அதப் படிச்சுட்டுத்தான் நான் தராசுகிட்டயே போவேன். வீட்டுல எனக்குப் பேச ஆளில்ல."

"அந்த வரிய அழிச்சிருதேன். ஆனா அவ படிச்சது படிச்சதுதானே அண்ணே."

மருதப்பன் வழியெல்லாம் நினைத்து வந்ததைச் சொன்னார்.

"ஆள் விட்டுட்டுப் போன பாத்திரம் உங்க கைக்குத்தானே வரும். அவளா இருந்து ஒரு வரி எழுதுங்க. திட்டியாவது எழுதுங்க."

செல்லக்கனி கணினியில் எதையோ தட்டினாள். கீபோர்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"வெள்ளைச்சியத் திறந்து வச்சிருக்கேன். நீங்களே எழுதுங்க."

"நானா?"

"இப்ப யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாவ."

அவர் 'வெள்ளைச்சி' என்று அடித்தார். மேலே ஓடவில்லை.

கதவைத் திறந்தாள் என்று எழுதினார். அழித்தார். கதவைச் சாத்தினாள் என்று எழுதினார். அதையும் அழித்தார்.

ஒரு பெண் வந்து ஆதார் அட்டைக்கு நகல் எடுத்துக்கொண்டு போனாள். கல்லூரிப் பிள்ளைகள் நான்கு பேர் வந்து போனார்கள். மருதப்பன் திரையைவிட்டுக் கண் எடுக்கவில்லை.

"என்ன சொல்லியிருப்பான்னு தெரியலையே, டீச்சர்." அவர் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார். "ரெண்டு வருசமா அவ எழுதுனதப் படிச்சிருக்கேன். ஒண்ணுமே தெரியல."

செல்லக்கனி வெள்ளைச்சியை மூடினாள்.

அதே நேரம் திரையின் ஓரத்தில் ஒரு செய்தி வந்து விழுந்தது. யாரோ புதியவர்.

"வணக்கம். இன்னிக்குத்தான் சேர்ந்தேன். ஒருத்தர் வீட்டுக் கதவைத் தட்டுறதா எழுதியிருக்கேன். அடுத்து என்ன எழுதணும்?"

"நீங்க சொல்லுங்க அண்ணே" என்றாள் செல்லக்கனி.

மருதப்பன் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார்.

"ஒண்ணும் எழுதாதீங்க. இனி அவங்க முறை."

"எவ்வளவு நேரம் காத்திருக்கணும்?"

அவர் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தெரியல" என்று அடித்தார். "நான் எட்டு மாசமாக் காத்திருக்கேன்."