மீன்பிடிப் பூனைக்கு எது முதல்?

பூனைக்குத் தண்ணீரைக் கண்டால் ஆகாது என்று ஊரெல்லாம் நம்புகிறார்கள். இது பெரும் பிழை. உலகில் நிலவும் பிழைகளில் இதற்கு மேலே வைக்கத்தக்கவை சிலவே. மீன்பிடிப் பூனை என்று ஒன்று இருக்கிறது. அது குளத்தில் தலைகீழாகக் குதிக்கும். முங்கி நீந்தும். வாத்தின் காலைப் பிடித்துக் கீழே இழுக்கும். நனைந்ததற்காக வெட்கப்படாது. பிழை திருந்திவிட்டது என்று கொண்டு கதைக்குள் போகலாம்.

கடலுக்குப் பக்கத்தில் ஈச்சங்கழி என்று ஒரு சதுப்பு. அதன் நடுவே கோரை மண்டிய ஒரு திட்டு. அந்தத் திட்டில் ஒரு மீன்பிடிப் பூனை குட்டி போட்டிருந்தது. கழியில் அந்த இனத்தில் மிஞ்சியது அது ஒன்றுதான். குட்டிகளுக்கு இன்னும் கண் திறக்கவில்லை.

திட்டைச் சுற்றித் தண்ணீர் நின்றவரை கவலை இல்லை. ஊர் நாய்கள் கரையில் நின்று குரைத்துவிட்டுப் போய்விடும். ஆனால் ஆற்றுத் தண்ணீர் வரும் வாய்க்காலின் வாயை அந்த ஆண்டு ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டது. தண்ணீர் நாளுக்கு நாள் வற்றியது. குரைப்பு நாளுக்கு நாள் கிட்டே கேட்டது.

பூனை நரியிடம் போனது. கழியில் கூட்டம் கூட்டுவது நரியின் பொறுப்பு.

"மாமா, வாய்க்கால் வாயில அடைச்சிருக்கிற ஆகாயத்தாமரையை இழுத்துப் போட்டா போதும். நான் தனியா இழுத்துப் பார்த்தேன், அசையல. எல்லாரும் கை கொடுத்தா ஒரு காலையில முடிஞ்சுடும்."

நரிக்கு மனம் உருகியது. உருகுவதில் அது குறை வைத்ததே இல்லை.

"கவலைப்படாதேம்மா. நீ சாதாரணப் பிராணியா? அபூர்வப் பிராணி. உன்னைக் காப்பாத்த என்னென்ன செய்யணும், அதுல எது முதல்ல, எது பிறகுன்னு கூட்டம் போட்டு முடிவு பண்ணுவோம்."

"எது முதல்லன்னுதான் இப்பச் சொன்னேனே."

"அது உன் கருத்து. கூட்டத்துல சொல்றேன். நீ வராதே. வழக்கம் தெரியுமில்ல?"

கழியின் வழக்கம் இது: யாரைப் பற்றிப் பேசுகிறார்களோ அவர் கூட்டத்தில் இருக்கக் கூடாது. முன்பு உடும்பு அடுத்தவர் வளையில் குடியேறியதைப் பற்றிப் பேச எல்லோரும் கூடினார்கள். உடும்பும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டது. எல்லோரும் அதன் வாலைப் புகழ்ந்துவிட்டுக் கலைந்தார்கள். அதிலிருந்து இந்த ஏற்பாடு. குற்றம் செய்தவருக்காக வைத்த விதி, கஷ்டப்படுகிறவருக்கும் பொருந்தும் என்று ஆகிவிட்டது.

பூனை திட்டுக்குத் திரும்பியது. பூவரச மரத்தடியில் கூட்டம் கூடியது.

முதலில் நீர்நாய் எழுந்தது. "பூனைக்கு மீன் முக்கியம். மீன் குறைஞ்சுபோச்சு. எல்லாத்தையும் கொக்குங்க தின்னுது. கொக்கை விரட்டுறதுதான் முதல் காரியம்."

"நீ திங்கிறது என்ன, கீரையா அண்ணே?" என்று கேட்டது தாழைக்கோழி.

"என் சாப்பாடு உனக்கு எதுக்கு? பூனையைப் பத்திப் பேசு."

"பேசுறேன். பூனைக்கு மறைவிடம் வேணும். அதனால கோரைக்குள்ள யாரும் கால் வைக்கக் கூடாது. அதுதான் முதல்."

தாழைக்கோழியின் கூடு கோரைக்குள் இருந்ததை யாரும் குறிப்பிடவில்லை. எல்லோருக்கும் அது தெரியும்.

உடும்பு தொண்டையைச் செருமியது. "அவசரப்படாதீங்க. கழியில எத்தனை பூனை இருக்குன்னு முதல்ல தெரியணும்."

"ஒண்ணு," என்றது நீர்நாய்.

"எப்படித் தெரியும்?"

"ஒண்ணுதான் இருக்கு, அதனால தெரியும்."

"பார்த்தது ஒண்ணு. பார்க்காதது எத்தனையோ? அதையெல்லாம் தேடணும். புதர் புதரா, வளை வளையா, கூடு கூடா நானே போய்த் தேடுறேன்."

கூடு என்றதும் தாழைக்கோழி இறக்கையை விரித்துக்கொண்டு எழுந்தது. மீதிப் பொழுது அந்தச் சண்டையில் போனது.

கலையும் நேரத்தில் நரிக்கு ஞாபகம் வந்தது. "பூனையும் ஒரு யோசனை சொல்லுச்சு. வாய்க்கால்ல ஆகாயத்தாமரையை எடுக்கணுமாம்."

"யார் எடுக்கிறது?" என்றது நீர்நாய்.

அது ஆழமான யோசனை, ஆகவே பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் ஒரே குரலில் ஒப்புக்கொண்டார்கள். மற்றவற்றில் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. எனவே எல்லாமே முதல் காரியம் என்று முடிவானது. முதல் காரியங்களுள் எது முதல் என்பதற்கு இன்னொரு கூட்டம்.

அந்தக் கூட்டத்துக்குள் பூனை நடந்தே வந்தது. அவ்வளவுதான் இருந்தது தண்ணீர். அதன் வாயோரம் வேர்த் துணுக்குகள் ஒட்டியிருந்தன.

"மாமா, நாய்ங்க நேத்துப் பாதி தூரம் வந்துட்டுப் போச்சு. பேசுறதை அப்புறம் பேசுங்க. இப்ப வந்து ஒரு கை பிடிங்க."

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

"நீ இருக்கிறப்ப உன்னைப் பத்தி எப்படிம்மா பேசுறது?" என்றது நரி. அதன் வருத்தம் உண்மையானது. "நீ போனாத்தானே உனக்கு நல்லது செய்ய முடியும்?"

"நான் போயிட்டா யாருக்குச் செய்வீங்க?"

பூனை சேற்றில் இறங்கித் திரும்பி நடந்தது.

அன்று கூட்டம் மிக நன்றாக நடந்தது. பூனையை நேரில் பார்த்துவிட்டதால் எல்லோருக்கும் மனம் இளகியிருந்தது. நீர்நாய் கொக்கை விட்டுக்கொடுத்தது. தாழைக்கோழி கோரையை விட்டுக்கொடுத்தது. உடும்பு மட்டும் இழுத்தடித்து, வெயில் சாயும் நேரத்தில் விட்டுக்கொடுத்தது. வாய்க்காலே முதல் என்று முடிவானது.

மறுநாள் காலை எல்லோரும் போனார்கள். நீர்நாய் அடியில் வேரைக் கடித்தது. உடும்பு கிழித்தது. நரி கரையிலிருந்து இழுத்தது. தாழைக்கோழி எப்படி இழுப்பது என்று சொன்னது. வெயில் ஏறும் முன் வாய் திறந்தது. தண்ணீர் ஓடிவந்து கழியில் பரவி, திட்டைச் சுற்றிக்கொண்டது.

திட்டில் கோரை மிதிபட்டுக் கிடந்தது. நாய்கள் முந்தின மாலையே வந்துபோயிருந்தன. குட்டிகள் இல்லை. தாய் எந்தப் பக்கம் போனது என்று யாருக்கும் தெரியவில்லை.

"தண்ணி நல்லாத்தான் வந்திருக்கு," என்றது நீர்நாய், யாரையும் பார்க்காமல்.

காப்பாற்றப்பட வேண்டியவரை வெளியே நிறுத்திவிட்டு எது முதல் என்று பேசுகிறவர்கள், தங்களுக்கு எது முதல் என்றுதான் பேசுகிறார்கள்.

அந்த மழைக்காலத்தில் கோரைக்குள் எலிகள் பெருகின. தாழைக்கோழியின் முட்டைகளில் ஒன்றுகூட அவற்றுக்குத் தப்பவில்லை.