மாமனாராகப் பிறந்த குட்டி

வடகோடியில், கடலே உறைந்து கிடக்கும் ஓர் இனுயிட் மக்களின் கிராமத்தில், கயுக் என்ற பெண்நாய் ஒரு குட்டி போட்டது. அதிலிருந்து பிடித்தது சனி.

அந்த ஊரில் பன்னிரண்டே வீடு. சரித்திரப் புத்தகம் ஒன்றுகூடக் கிடையாது. யாராவது செத்தால், அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கு அந்தப் பெயரை வைப்பார்கள். செத்தவரை என்ன முறை சொல்லிக் கூப்பிட்டார்களோ, அதே முறைதான் குழந்தைக்கும். அம்மா முதுகில் தொங்கும் பிள்ளையைப் பார்த்து, "தாத்தா, ஏன் அழறீங்க?" என்று நரைத்த ஆசாமிகள் கேட்பார்கள். அதைப் பார்த்து நாய்களும் அந்த வழக்கத்தைப் பிடித்துக்கொண்டன.

கயுக்கின் மாமனார் துலுகாக் முந்தின வாரம்தான் செத்திருந்தது. சறுக்குவண்டி இழுக்கும் நாய்களுக்கெல்லாம் அதுதான் முன்னோடி. மோந்து பார்த்தே பனிக்கட்டியின் கனத்தைச் சொல்லிவிடும். மருமகளைப் படாத பாடும் படுத்தும். குட்டிக்கு அந்தப் பெயரே விழுந்தது. பெற்ற பிள்ளையைக் கயுக் 'மாமா' என்று கூப்பிட வேண்டியதாயிற்று.

குட்டிக்குத் தலைகால் புரியவில்லை.

"மருமகளே, அந்த சீல் கொழுப்பை இப்படித் தள்ளு."

"இந்தாங்க மாமா" என்று கயுக் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுக்கும்.

வசந்தம் வந்தது. பெயரை நம்பி, நாய்களை வளர்த்த வேட்டைக்காரர் இக்குமாக்கும் குட்டியையே வண்டிக்கு முன்னால் பூட்டினார்; கயுக்கை அதற்கு அடுத்துப் பூட்டினார். பூட்டிவிட்டு, வண்டியில் சாய்ந்து குறட்டை விட்டார்.

நடுக்கடலில் ஓரிடத்தில் பனிக்கட்டி கறுத்துக் கிடந்தது. கறுத்தால் மெலிந்துவிட்டது என்று பொருள். கயுக் அதைப் பார்த்துவிட்டது.

"மாமா, அந்தப் பக்கம் வேண்டாங்க. உடைஞ்சிடும்."

"எனக்கே வழி சொல்றியா? நான் யாரு தெரியுமில்ல? துலுகாக்!"

மற்ற நாய்கள் வேகத்தைக் குறைக்காமல் இழுத்தன. பெரியவர் சொன்னால் மறுபேச்சு ஏது? குட்டி நேராகக் கறுப்பை நோக்கி ஓடியது.

கயுக் மரியாதையை மூட்டை கட்டி வைத்தது. ஒரே பாய்ச்சலில் குட்டியின் வாலைக் கவ்விப் பின்னால் இழுத்தது. அடுத்த அடி விழவேண்டிய இடம் மளமளவென்று உடைந்து தண்ணீர் பொங்கியது. நாய்கள் நின்றன, வண்டி நின்றது, குறட்டையும் நின்றது.

குட்டி பின்வாங்கி அம்மாவின் வயிற்றுக்கடியில் ஒண்டியது. இருந்தும் வீம்பு போகவில்லை.

"மாமனாரையே கடிக்கிறியே, நீ உருப்படுவியா?"

"மாமனாரை யாருடா கடிச்சா? எம் புள்ளையைக் கடிச்சேன்" என்றது கயுக். சொல்லும்போதே அதற்கு அழுகை வந்துவிட்டது.

முன்னோர் பெயர் பிறந்த அன்றே வந்துவிடும். முன்னோர் புத்தி, தானே மோந்து பழகினால்தான் வரும்.